கிரேட் லேக்ஸ் கடற்படைத் தள ஃபுட்பால் அணியின் 1943 சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது நாம் ஆடும் கால்பந்தா?

இல்லை. அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்கிற ஆட்டம் இது. பந்து இரு முனையும் கூரான நீள்வட்டம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், முன்னால் எறியலாம், காலாலும் உதைக்கலாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 100 யார்டு, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். பந்து கையில் உள்ள அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

எதிராளியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அது 1 புள்ளி. ஆட்ட ஓட்டத்தில் உதைத்தே போட்டால் 3 புள்ளி. டச் டவுனுக்குப் பிறகு உதைக்காமல் ஓடியோ எறிந்தோ 2 புள்ளி எடுக்கும் வசதி கல்லூரி ஆட்டத்தில் 1958-இல்தான் வந்தது, 1943-இல் கிடையாது. இந்த ஒற்றைப் புள்ளிக் கணக்கை மறந்துவிடாதீர்கள். நவம்பர் 1943-இல் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகளில் அதுதான் பேசுபொருள்.

போர் நடக்கும்போது படைத்தளத்துக்கு எதற்கு ஆட்டக் குழு?

கடற்படையின் பதில் நேரடியானது: மோதிப் பழகியவன் போரில் தடுமாறமாட்டான். விமானிகளாகப் போகிறவர்களுக்கு முதல் கட்டமாகக் கடற்படை அமைத்த 'ப்ரீ-ஃப்ளைட்' பள்ளிகளில் இந்த ஆட்டம், குத்துச்சண்டை, மல்யுத்தம், நீச்சல் எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருந்தன. அந்தத் திட்டத்தை வகுத்த டாம் ஹாமில்டன், கடற்படை அகாடமியில் ஆடியவர், அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தவர்.

தரைப்படை வேறு மாதிரி நினைத்தது. கல்லூரிகளில் அது நடத்திய சிறப்புப் படிப்பில் சேர்ந்தவர்கள் கல்லூரி அணிக்கு ஆடக் கூடாது என்று தடை போட்டது. பாடச்சுமை அதிகம், நேரம் இல்லை என்பது காரணம். 1943 ஜூலை 1-இல் தொடங்கிய கடற்படையின் வி-12 என்ற கல்லூரிப் பயிற்சித் திட்டம் அனுமதித்தது. இந்த ஒரு வித்தியாசம்தான் அந்த ஆண்டின் தரவரிசையையே புரட்டிப் போட்டது. கடற்படைப் பயிற்சி வந்த கல்லூரிகள் பலம் பெற்றன. தரைப்படைப் பயிற்சி மட்டும் வந்த கல்லூரிகளும் எதுவும் வராத கல்லூரிகளும் ஆள் இல்லாமல் தவித்தன. அலபாமா, டென்னசி, ஆபர்ன், ஃப்ளோரிடா, ஸ்டான்ஃபோர்ட் போன்ற பெரிய பெயர்களே அந்த ஆண்டு அணி இறக்கவில்லை.

கிரேட் லேக்ஸ் எங்கே இருக்கிறது?

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில். 1911-இல் திறந்த கடற்படைப் பயிற்சித் தளம். இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 10 லட்சம் மாலுமிகள் இங்கே பயிற்சி பெற்றுப் போனார்கள். கடலே இல்லாத இடத்தில் கடற்படைத் தளமா என்று கேட்காதவர்கள் இல்லை. ஆள் சேர்ப்பு அதிகம் நடந்த நடு அமெரிக்காவுக்கு அது பக்கம், ரயில் வசதியும் உண்டு.

அணிக்கு ஆட்களை எப்படிச் சேர்த்தார்கள்?

கல்லூரி அணி மாணவர்களைத் தேடிப் போய் அழைக்கும். தளத்தின் அணிக்கு அந்த வேலை இல்லை, ஆள் தானாக வந்து இறங்குவான். கல்லூரியில் ஆடியவன், தொழில்முறை லீகில் சம்பளத்துக்கு ஆடியவன், நேற்றுதான் பள்ளி முடித்தவன் என எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அவர்களில் யாரைத் தளத்தின் நிரந்தரப் பணியாளராக வைத்துக்கொள்வது, யாரைக் கப்பலுக்கு அனுப்புவது என்பதுதான் தேர்வு. அந்தத் தேர்வு பயிற்சியாளர் கையில் முழுதாக இல்லை. அவர் கேட்கலாம், மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுவது வேறொருவர்.

இந்த அணிகளின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆள் பஞ்சம் கிடையாது. ஆனால் செப்டம்பரில் பார்த்த ஆள் நவம்பரில் இருப்பான் என்று சொல்ல முடியாது. அதனால் இப்படிப்பட்ட அணிக்குச் சிக்கலான ஆட்டத் திட்டம் ஒத்துவராது. புதிதாக வருகிறவன் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்படி சில ஓட்டங்கள், சில பாஸ்கள், அவ்வளவுதான். நூறு வகை வைத்திருந்தால் ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வசதியும் இருந்தது. முன்பெல்லாம் ஒரு கால் பகுதியில் வெளியேறிய ஆட்டக்காரர் அதே கால் பகுதியில் திரும்ப உள்ளே வர முடியாது. 1941-இல் விதியைத் தளர்த்தினார்கள். பெஞ்சில் ஆள் நிறைய உள்ள தள அணிகளுக்கு இது நல்ல லாபம்.

பயிற்சியாளர் யார்?

டோனி ஹிங்கிள். இண்டியானாபொலிஸில் உள்ள பட்லர் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து, பேஸ்பால், ஃபுட்பால் மூன்றுக்கும் பயிற்சியாளராக இருந்தவர். இன்று அவர் பெயர் சொன்னால் பலருக்கும் கூடைப்பந்துதான் நினைவுக்கு வரும். அங்குள்ள உள்ளரங்கத்துக்கு அவர் பெயர்தான். கூடைப்பந்தின் ஆரஞ்சு நிறத்துக்கும் அவரைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

1943 சீசனில் அணி எப்படி ஆடியது?

12 ஆட்டம், 10 வெற்றி, 2 தோல்வி. தேசியத் தரவரிசையில் கடைசியில் 6-ஆம் இடம். முக்கிய வெற்றிகளில் ஒன்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 13–6. ஒஹாயோ ஸ்டேட் முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன்தான், ஆனால் அதன் வளாகத்தில் தரைப்படைப் பயிற்சிதான் நடந்தது. எனவே 18 வயது தாண்டாத பையன்களை வைத்துச் சமாளித்தது. அந்த வெற்றியை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோல்விகள்தான் கதை சொல்கின்றன. செப்டம்பரில் பர்டூவிடம் 23–13, பின்னர் நார்த்வெஸ்டர்னிடம் 13–0. இரண்டும் வி-12 கல்லூரிகள். பர்டூவில் மரீன் (கடற்படையோடு சேர்ந்த தரைப்போர்ப் படை) பயிற்சிக்கு வந்தவர்களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் முந்தைய ஆண்டு ஆட்டக்காரர்கள் அலெக்ஸ் அகாஸேயும் டோனி புட்கோவிச்சும் இருந்தார்கள். போட்டிக் கல்லூரியின் ஆட்களை அரசாங்கமே கொண்டுவந்து இறக்கினால் யார் ஜெயிக்க முடியும்? பர்டூ அந்த ஆண்டு ஆடிய 9-இலும் வென்றது. நார்த்வெஸ்டர்னில் ஆட்டோ கிரஹாம் இருந்தார்.

புட்கோவிச் சீசன் முடியும் முன்பே அடுத்த கட்டப் பயிற்சிக்குப் போக வேண்டியதாயிற்று. போவதற்குள் தன் லீகின் புள்ளிச் சாதனையை முறித்துவிட்டார். 1945 ஏப்ரலில் ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த போரில் கொல்லப்பட்டார்.

அயோவா ப்ரீ-ஃப்ளைட் என்ற அணியும் அடிபடுகிறதே, அது என்ன?

அயோவா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய கடற்படை விமானிப் பள்ளியின் அணி, 'சீஹாக்ஸ்'. 1943-இல் 10 ஆட்டத்தில் 9 வெற்றி, தரவரிசையில் 2-ஆம் இடம். கிரேட் லேக்ஸை விட உயரத்தில் முடித்தது. ஆனாலும் அதை நினைவில் வைக்க வேண்டிய காரணம் வேறு: அங்கே ஒரு ஆட்ட முறை கைமாறியது.

பயிற்சியாளர் டான் ஃபாரட், மிசௌரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். பந்தை நன்றாக எறியும் பால் கிறிஸ்ட்மன் படிப்பு முடித்துப் போன பிறகு, 1941-இல் ஓட்டத்தை நம்பும் ஒரு முறையை அங்கே உருவாக்கியிருந்தார். பெயர் ஸ்ப்ளிட்-டி. அதன் சூட்சுமம் இதுதான்.

முன்வரிசை ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்காமல் இடைவெளி விட்டு நிற்பார்கள். நடுவில் குறைவாக, ஓரத்தில் கூடுதலாக, ஓர் அடியிலிருந்து மூன்று அடி வரை. எதிரணியும் அதற்கு ஏற்ப விரிய வேண்டியிருக்கும், விரிந்தால் ஓட்டை உண்டாகும். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர், அதை வாங்கிக்கொண்டு பின்னால் போகாமல் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுவார். முதல் வாய்ப்பு, உள்ளே பாயும் ஓட்டக்காரரான ஹாஃப்பேக் கையில் பந்தைத் திணிப்பது. திணிக்காவிட்டால் தொடர்ந்து ஓரத்துக்கு ஓடுவார். அங்கே எதிரணியின் கடைசித் தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவர் குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால் பந்தை வெளியே ஓடுகிறவருக்குத் தட்டிவிட வேண்டும். அவர் வெளியே போனால் குவார்ட்டர்பேக்கே உள்ளே வெட்டி ஓட வேண்டும். கூடைப்பந்தில் ஒருவரை எதிர்த்து இருவர் வரும் நிலையிலிருந்து பிறந்த யோசனை இது.

கோளாறு எங்கே வரும்? குவார்ட்டர்பேக் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. தடுப்பாளரின் கால் எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்று பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் பந்து தரையில். பக்கவாட்டில் ஓடாமல் பின்வாங்கி வளைந்து ஓடினால், தடுப்பாளருக்கு இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். இந்த முறையில் பந்து அடிக்கடி கை நழுவும் என்பது தெரிந்த விலைதான்.

ஃபாரட்டுக்கு அங்கே உதவியாளர்களாக இருந்தவர்களில் இருவர் பட் வில்கின்சன், ஜிம் டேட்டம். போருக்குப் பின் 1946-இல் டேட்டம் ஓக்லஹோமாவுக்குப் போனார், 1947-இல் வில்கின்சன் அந்த இடத்துக்கு வந்தார். 1953 முதல் 1957 வரை ஓக்லஹோமா தொடர்ந்து 47 ஆட்டம் வென்றது இதே ஸ்ப்ளிட்-டியை வைத்துத்தான். சொந்தக் கல்லூரியிலேயே இருந்திருந்தால் ஃபாரட் இதைப் போட்டியாளர்களிடம் காட்டியிருக்க மாட்டார். கடற்படைச் சீருடையில் எல்லோரும் ஒரே பக்கம், மறைக்க முடியவில்லை.

நாட்ர டேம் அணியை ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

ஃப்ராங்க் லேஹி பயிற்சி தந்த நாட்ர டேம் பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது. மிச்சிகனை 35–12, கடற்படை அகாடமியை 33–6, தரைப்படை அகாடமியை 26–0, நார்த்வெஸ்டர்னை 25–6 என்று வீழ்த்தி வந்தது. குவார்ட்டர்பேக் ஏஞ்சலோ பெர்டெல்லி ஆறு ஆட்டம் ஆடிவிட்டு மரீன் படைக்குப் போனார். ஆறே ஆட்டத்துக்கு, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் இடத்துக்கு ஜானி லூஜாக் வந்தார். ஓட்டத்தில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த கிரெய்டன் மில்லர், உயர் ரத்த அழுத்தம் காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்.

நவம்பர் 20 அன்று அயோவா ப்ரீ-ஃப்ளைட்டை நாட்ர டேம் 14–13 என்று வென்றது. இரண்டு அணிக்கும் இரண்டிரண்டு டச் டவுன். ஒரு உதை தவறியதுதான் வித்தியாசம்.

நவம்பர் 27 ஆட்டத்தில் என்ன நடந்தது?

கிரேட் லேக்ஸ் தளத்துக்குள்ளேயே ஆட்டம், சுற்றி மாலுமிகள் கூட்டம். நாட்ர டேம் முதலில் டச் டவுன் போட்டு, உதையும் சரியாகப் போய் 7–0. பிறகு கிரேட் லேக்ஸுக்கு எமில் சிட்கோ ஒன்று, ட்யூயி ப்ராக்டர் ஒன்று. இரண்டு முறையும் உதை தவறியது. 12–7.

இந்த இரண்டு தவறிய உதைகளின் விலை என்ன என்று பாருங்கள். இரண்டும் சரியாகப் போயிருந்தால் 14–7. நாட்ர டேம் ஒரு டச் டவுன் போட்டாலும் சமன்தான் ஆகும். இப்போதோ ஒரே டச் டவுனில் முன்னிலை. அதுதான் நடந்தது. தன் பாதியிலிருந்து 80 யார்டு நகர்ந்து வந்து மில்லர் போட்டார், உதையும் போனது, 14–12. ஆட்டத்தில் மிச்சம் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

கிரேட் லேக்ஸுக்கு இப்போது இரண்டு வழி. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி, 15–14 என்று ஜெயிக்கலாம். ஆனால் கல்லூரி ஆட்டத்தில் கம்பங்கள் கோல் கோட்டில் இல்லை, அதற்கு 10 யார்டு பின்னால் நிற்கும். பந்து எதிராளியின் 46 யார்டு கோட்டில் இருந்தது. அத்துடன் அந்த 10 யார்டு, பந்தைப் பின்னால் கொடுத்து வைக்கும் 7 யார்டு, மொத்தம் 63 யார்டு. நேராகக் கால்விரல் நுனியால் உதைத்த அந்தக் காலத்தில் நினைத்தே பார்க்க முடியாத தூரம். மிச்சம் உள்ள வழி எறிவதுதான்.

ஸ்டீவ் லாக் எறிந்தார். பால் ஆண்டர்சன் பிடித்துக் கோட்டைத் தாண்டினார். 46 யார்டு டச் டவுன், மிச்சம் அரை நிமிடம். இந்த முறை உதை போனது. 19–14. லாக் ட்யூக் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம், 1942-இல் தொழில்முறையில் சிகாகோ கார்டினல்ஸுக்கு ஆடியவர். கடைசி நிமிடத்தில் பந்தை எறிய அப்படி ஒரு ஆள் கையில் இருந்தது தள அணிக்குக் கிடைத்த துருப்புச் சீட்டு.

சிட்கோ போருக்குப் பின் நாட்ர டேமிலேயே ஆடினார், 1946 முதல் 1949 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த அணியின் முதல் ஓட்டக்காரராக.

தோற்ற பிறகும் நாட்ர டேம் எப்படி சாம்பியன்?

அப்போது இறுதிப் போட்டி கிடையாது. அசோசியேட்டட் பிரஸ் நடத்திய பத்திரிகையாளர் வாக்கெடுப்புதான் முடிவு. இறுதிப் பட்டியல்: 1 நாட்ர டேம், 2 அயோவா ப்ரீ-ஃப்ளைட், 3 மிச்சிகன், 4 கடற்படை அகாடமி, 5 பர்டூ, 6 கிரேட் லேக்ஸ். தோற்காத பர்டூவுக்கு 5-ஆம் இடம், ஒன்று தோற்ற நாட்ர டேமுக்கு முதலிடம். 2, 3, 4 ஆகிய மூவரையும் அந்த அணி வென்றிருந்தது, அதுதான் வாக்காளர்களை இழுத்தது. பர்டூவுக்கு அநியாயம் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதுவும் 6-ஆம் இடத்தை வென்ற அணிதானே. ஆனால் எதிரணிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாக்கு சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

போர்க்காலத்தில் பயணம் எப்படி?

கஷ்டம், அதற்குக் காரணம் பெட்ரோலை விட ரப்பர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோனது. டயரைக் காப்பாற்றத்தான் 1942 டிசம்பர் முதல் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள், மணிக்கு 35 மைல் வேக வரம்பும் அதனால்தான். மலாயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டதும், சிகாகோக்காரர் ஆட்டம் பார்க்கக் காரை எடுக்க முடியாமல் போனதும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். இரண்டின் எடை ஒன்றல்ல என்று சொல்லத் தேவையில்லை.

இதனால் பக்கத்து அணியோடு ஆடுவதே வழக்கமாயிற்று. தளமும் கல்லூரியும் மோதிக்கொண்டது அதனால்தான் அதிகரித்தது. 1942-இல் தரைப்படை–கடற்படை அகாடமி ஆட்டத்தை அனாபொலிஸில் நடத்தியபோது சுற்று வட்டாரத்துக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. தரைப்படை மாணவர்களை அழைத்துவர முடியாததால், கடற்படை மாணவர்களில் ஒரு பகுதியினரை எதிர்ப் பக்கத்தில் உட்காரவைத்து எதிரணிக்கு உற்சாகக் குரல் கொடுக்கச் சொன்னார்கள்!

கருப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்களா?

கடற்படை 1942 ஜூன் முதல்தான் கருப்பினத்தவரைச் சமையல், பரிமாறுதல் தவிர்த்த பொதுப் பணிக்கு எடுத்தது. கிரேட் லேக்ஸில் அவர்களுக்குத் தனி முகாம், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கருப்பின மாலுமி ராபர்ட் ஸ்மால்ஸ் பெயரில். தளத்தின் அணியில் ஆடியவர்களில் பெயர் நிலைத்தவர் மேரியன் மாட்லி, 1945-இல்.

பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது எங்கே தடுக்கி விழுவோம்?

'நேவி' என்று மட்டும் போட்டிருந்தால் அது அனாபொலிஸ் அகாடமி. கிரேட் லேக்ஸ் வேறு, ப்ரீ-ஃப்ளைட் பள்ளிகள் வேறு. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஒரே ஆட்டக்காரர் இரண்டு கல்லூரிப் பெயரில் வருவது அச்சுப் பிழை அல்ல. எல்ராய் ஹிர்ஷ் 1942-இல் விஸ்கான்சின், 1943-இல் மிச்சிகன். அகாஸே இல்லினாய், பர்டூ, மறுபடி இல்லினாய்.

கிரேட் லேக்ஸின் முதல் உலகப் போர் அணியையும் இதையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கமான தவறு. பின்னாளில் தொழில்முறை லீகில் பெயர் பெற்ற ஜார்ஜ் ஹாலஸ், பேடி டிரிஸ்கல் ஆடியது 1918 அணியில். அந்த அணி 1919 புத்தாண்டு நாளில் ரோஸ் போல் ஆட்டத்தில் மேர் ஐலண்ட் மரீன்களை 17–0 என்று வென்றது. அதே சீசனில் கடற்படை அகாடமிக்கு எதிரான ஆட்டம் இன்னும் சுவையானது. கிரேட் லேக்ஸின் ஹாரி ஈல்சன், எதிராளி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு நீள மைதானம் ஓட, அகாடமியின் பெஞ்சில் இருந்த ஒருவர் உள்ளே பாய்ந்து அவரை விழுத்தினார். டச் டவுன் என்றே தீர்ப்பானது, 7–6.

1943-க்குப் பிறகு?

1944-இல் பால் பிரவுன் பயிற்சியாளராக வந்தார், முந்தைய ஆண்டு வரை ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தவர். 9 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். அந்த இரண்டு தோல்வியில் ஒன்று அவருடைய பழைய ஒஹாயோ ஸ்டேட்டிடமே, 26–6. 1945-இல் போர் முடிந்ததால் ஆட்கள் கலைந்து, சீசன் மோசமாகத் தொடங்கியது, மிச்சிகனிடம் 27–2. கடைசி ஆட்டம் மறுபடி நாட்ர டேமுடன். மாட்லி இருந்த கிரேட் லேக்ஸ் 39–7 என்று வென்றது. அடுத்த ஆண்டு பிரவுன் பயிற்சியாளராகப் போன புதிய தொழில்முறை அணிக்கு, கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்கு, மாட்லியையும் அழைத்துக்கொண்டார்.